படம் எடுத்தவரின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த பிப்ரவரி 15ஆம் தேதியை ஒட்டித் தாங்கள் வெளியிட்ட போர்க்காலப் படங்களைப் பற்றி ஒரு வாசகர் சென்ற வாரம் எழுதியிருந்தார். மற்றவர்கள் செத்துக்கொண்டிருந்தபோது ஓரமாக நின்று படம் பிடித்தவர்களை எதற்காகப் பாராட்ட வேண்டும் என்பது அவருடைய கேள்வி. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. 1966இல், பதினாறு வயதில், சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் இருட்டறைப் பையனாகச் சேர்ந்தேன். 37 ஆண்டுகள் ஃபிலிம் கழுவினேன். போர்க்களத்தை நான் கண்டதில்லை. ஆனால் ஒரு படத்தை எவ்வளவு தூரத்தில் நின்று எடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

பிரிட்டிஷ் இராணுவம் 1941இல் தனக்கென்று ஒரு திரைப்பட, புகைப்படப் பிரிவை அமைத்தது. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சார்ஜன்ட்கள். புகைப்படம் எடுத்தவர்களில் பலர் வைத்திருந்தது, எதிரி நாடான ஜெர்மனியில் செய்த சூப்பர் ஐகாண்டா கேமரா. மடக்கி வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஸ்டூடியோவுக்கும் அப்படி ஒன்று பழுதுபார்க்க வந்திருக்கிறது. அதன் லென்ஸைக் கழற்றி வேறு லென்ஸ் மாட்ட முடியாது. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டாது. முகம் பெரிதாக வேண்டுமென்றால் அந்த முகத்தருகே போய்த்தான் நிற்க வேண்டும். ஒரு சுருளில் பதினொன்றோ பன்னிரண்டோ படம், அதற்கு மேல் கிடையாது. எடுத்து முடித்தால் குனிந்து புதுச்சுருள் மாட்ட வேண்டும். சினிமா கேமராக்காரர் பாடு இன்னும் மோசம். 100 அடி ஃபிலிம் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். இப்படிப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு எந்த ஓரத்தில் ஐயா நிற்பது?

1944 செப்டம்பரில் ஹாலந்தின் ஆர்னெம் நகரில் வான்குடைப் படையோடு டென்னிஸ் ஸ்மித், கோர்டன் வாக்கர், மைக் லூயிஸ் என்ற மூன்று சார்ஜன்ட்கள் கேமராவுடன் இறங்கினார்கள். சுமார் 10,000 பேர் போன அந்தச் சண்டையிலிருந்து ஆற்றைக் கடந்து திரும்பியவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. ஸ்மித்துக்குக் காயம். ஆனாலும் மூவரும் படச்சுருள்களோடு திரும்பினார்கள். அதே மைக் லூயிஸ் ஏழு மாதம் கழித்து ஜெர்மனியின் பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குள் நுழைந்தார். போலந்திலிருந்து பிரிட்டனுக்கு வந்த யூதப் பெற்றோரின் மகன் அவர். குவிந்து கிடந்தவர்கள் தம் இனத்தார் என்று தெரிந்தே, கேமராவைக் கீழே வைக்காமல் நின்றார். அவரும் அவருடைய சகாக்களும் எடுத்த படச்சுருளை, அதே ஆண்டு அந்த முகாமை நடத்தியவர்கள் மீது லூனெபுர்க்கில் நடந்த விசாரணையில் சாட்சியமாகத் திரையிட்டார்கள்.

அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் சார்ஜன்ட் பில் ஜெனாஸ்டையும் சொல்லியாக வேண்டும். இவோ ஜிமா மலையுச்சியில் வீரர்கள் கொடி நட்டபோது, உலகமே அறிந்த அந்தப் புகைப்படத்தை எடுத்தவருக்குப் பக்கத்தில் நின்று, அதே காட்சியை வண்ணச் சினிமாவாக எடுத்தவர் அவர். அது பிப்ரவரி 23, 1945. மார்ச் 4ஆம் தேதி அந்தத் தீவின் குகை ஒன்றுக்குள் கொல்லப்பட்டார். உடல் கிடைக்கவேயில்லை.

இராணுவம் சம்பளம் கொடுத்து எடுக்கச் சொன்ன படங்கள்தானே, எல்லாம் விளம்பரம் என்று சொல்பவர்களும் உண்டு. தணிக்கை இருந்தது உண்மை. வேண்டாத படங்களை அடுக்கிலேயே வைத்துக்கொண்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் நெகட்டிவ், அதை எடுக்கச் சொன்னவருக்குக் கட்டுப்படாது. கண்கள் கட்டப்பட்ட சீக்கியக் கைதிகளை ஜப்பானிய வீரர்கள் சுட்டுக் கொல்லும் படங்கள் உலகத்துக்குக் கிடைத்தது எப்படி? 1945இல் பிரிட்டிஷ் படை திரும்பி வந்தபோது இதே சிங்கப்பூரில், ஜப்பானியரின் ஆவணங்களுக்கு நடுவில் கிடைத்தன. எடுத்தவர் எந்த எண்ணத்தில் எடுத்திருந்தாலும் அவை இன்று யாருக்காகச் சாட்சி சொல்கின்றன?

எங்கள் ஊர் வெப்பத்தைப் பற்றியும் சொல்கிறேன். இங்கே வெயில் நேரத்தில் குழாய்த் தண்ணீர் 28, 29 டிகிரிக்கு வந்துவிடும். ஃபிலிம் கழுவும் கரைசலான டெவலப்பருக்கு வேண்டியது 20. சூடு கூடினால் ஃபிலிமில் பூசிய மருந்து ஊறி, வழன்று, தோல் போல உரிந்து வரும். காலையில் ஐஸ் வாங்கி வந்து தட்டுகளைச் சுற்றி அடுக்குவதுதான் ஸ்டூடியோவில் எனக்குக் கொடுத்த முதல் வேலை. இதே வெப்பத்தில்தான், 1942 செப்டம்பரில் சிங்கப்பூரின் செலராங் முகாமில் ஆயிரக்கணக்கான போர்க்கைதிகளை அடைத்து வைத்திருந்தபோது, ஜார்ஜ் ஆஸ்பினால் என்ற ஆஸ்திரேலியச் சிப்பாய் ஒளித்து வைத்திருந்த கோடாக் கேமராவால் அதைப் படமெடுத்தார். பிறகு, ஜப்பானியர் கைதிகளையும் தொழிலாளர்களையும் வைத்துப் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதைக்கும் அதைக் கொண்டுபோனார். படம் எடுக்கச் சொல்லி அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை. சிக்கியிருந்தால் தலை போயிருக்கும்.

அந்த ரயில் பாதையால்தான் இந்தக் கடிதம். 415 கிலோமீட்டர்; 1943 அக்டோபரில் முடித்தார்கள். 12,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் அங்கே இறந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களும் மற்ற ஆசியத் தொழிலாளர்களும் அதைவிடப் பல மடங்கு. வேலை நடந்த அந்த மாதங்களில் நம் ஆட்கள் பக்கம் லென்ஸைத் திருப்ப நேசநாட்டு இராணுவப் படப்பிடிப்பாளர் ஒருவர்கூட அங்கே இருந்திருக்க முடியாது. அதன் விளைவை நான் இருட்டறையில் பார்த்தேன்.

1971 வாக்கில், ஜொகூரிலிருந்து ஓர் அம்மா தம் மகனின் சிறிய படத்தோடு எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தார். கணவரைச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், படம் ஒன்றுகூட இல்லை, இவன் முகத்தை வைத்து அவரைச் செய்து கொடுங்கள் என்றார். மீசை பெரிது, இடது புருவத்தில் தழும்பு, நெற்றி இன்னும் அகலம். மகன் படத்தை நான் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். முதலாளி மெல்லிய தூரிகையால் மீசை வரைந்தார், தழும்பு வைத்தார். அந்த அம்மா பார்த்துவிட்டு, "கண் இது இல்லை" என்றார். மாற்றினோம். மறுபடியும் "கண் இது இல்லை." மூன்றாவது முறை அவர் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அவர்தானா என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகும் இப்படிச் சிலர் வந்தார்கள்.

என் பெரியப்பாவும் அந்தப் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்தான். எங்கள் வீட்டில் படையல் போடும்போது மற்றவர்களுக்குப் படம் இருக்கும். அவருக்கு மட்டும் ஒரு வேட்டியை மடித்து வைப்போம். ஒரு மனிதரின் பக்கத்தில் கேமராவோடு இன்னொரு மனிதர் நிற்காமல் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே தங்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைய தேசியக் கலைக்கூடம் அன்று நகராண்மைக் கட்டடமாக இருந்தபோது, 1945 செப்டம்பர் 12 அன்று ஜப்பானியர் அங்கே சரணடைந்து கையெழுத்திட்ட படங்களை ஆண்டுதோறும் பத்திரிகைகளில் பார்க்கிறேன். கீழே 'கோப்புப் படம்' என்று மட்டும் இருக்கும். ஆவணக் காப்பகங்களில் இத்தகைய படங்கள் பலவற்றோடு எடுத்தவரின் பெயரும் பதவியும் பதிவாகியிருக்கின்றன. அடுத்த முறை வெளியிடும்போது அதைத் தேடிப் பார்த்து ஒரு வரியில் போடுங்கள். பெயர் கிடைக்காத படத்துக்கு 'எடுத்தவர் பெயர் தெரியவில்லை' என்றாவது அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இருட்டறைத் தொழிலாளி,
தோ பாயோ