வாக்குத்தத்த அட்டை ராசிபலன் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். புத்தாண்டுக்கு உங்கள் நாளிதழில் வாசகர்களின் தீர்மானங்களை ஒரு பக்கத்திலும் 2026-ஆம் ஆண்டு ராசிபலனை அடுத்த பக்கத்திலும் போட்டிருந்தீர்கள். இரண்டையும் படித்தேன். ராசிபலனைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, அது அவரவர் நம்பிக்கை. ஆனால் கிறிஸ்தவர்களான நாங்களே டிசம்பர் 31 ராத்திரி எடுக்கிற வாக்குத்தத்த அட்டையை (வாக்குத்தத்தம் என்றால் ஆண்டவர் கொடுக்கிற வாக்கு) இப்போது அதே கண்ணோடு பார்க்க ஆரம்பித்துவிட்டோம், அது மனதை உறுத்துவதால்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வருடக் கடைசி ராத்திரி ஆலயத்தில் ஆராதனை நடக்கும், பன்னிரண்டு மணிக்கு மணி அடிக்கும், ஜெபம் முடிந்ததும் தட்டில் அடுக்கி வைத்திருக்கும் சின்ன அட்டைகளில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம் இருக்கும். அந்த வருடம் முழுக்க அதைப் பைபிளுக்குள்ளேயோ பீரோ கண்ணாடியிலேயோ வைத்திருப்போம். சின்னப் பிள்ளையாக தாராபுரத்தில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து எனக்கு இது பழக்கம்.

இந்த வருடம் நான் எப்படிப்பட்ட மனநிலையில் போனேன் என்று சொன்னால்தான் விஷயம் புரியும். திருப்பூரில் வேலம்பாளையம் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் பவர்டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்கள்) வைத்து ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு மெஷின். போன ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்காவில் நம் சரக்குக்கு 50 சதவீத வரி என்று ஆனதும், எங்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் முதலில் "கொஞ்சம் பொறுங்க" என்றார்கள், அப்புறம் போனையே எடுக்கவில்லை. பழைய பாக்கியும் வரவில்லை. ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடம் அரை ஷிப்டுக்கு வந்து, தீபாவளி முடிந்ததும் அதுவும் நின்றது. வேலை செய்தவர்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்க எட்டு மெஷினை விற்றோம்.

அந்த நவம்பர் மாதம் எனக்கு ஜெபிக்க வரவில்லை. முப்பது வருடமாகக் காலை ஐந்து மணிக்கு எழுந்து முழங்காலில் நிற்கிறவள், எழுந்து நிற்பேன், வாயில் வார்த்தை வராது. "ஆண்டவரே" என்று ஒரு சொல். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பைபிளில் சங்கீதப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து தெரியும், உள்ளே போகாது. இதை வெளியே சொல்லவே கூச்சமாக இருந்தது. எங்கள் சபையில் ஒரு வயதான அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. "அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுடாத அம்மிணி, மிச்சத்த நான் உனக்காகச் சொல்லிக்கறேன்" என்றார். சொன்னபடி தினமும் எங்கள் பெயரைச் சொல்லி ஜெபித்திருக்கிறார். விசுவாசம் என்பதை நான் மட்டும் தனியாகத் தூக்க வேண்டிய சுமையாக நினைத்துக்கொண்டிருந்தேன், அது அப்படி இல்லை என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

சரி, அட்டைக்கு வருகிறேன். எனக்கு முன்னால் எடுத்தவருக்கு "இரட்டிப்பான நன்மையைத் தருவேன்" என்று வந்தது. அவர் முகமே மலர்ந்துவிட்டது. எனக்கும் அந்த மாதிரி ஒன்றுதான் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினேன். வந்தது உபாகமம் 33:25, "உன் நாட்களுக்குத்தக்கதாய் உன் பெலனும் இருக்கும்." உண்மையைச் சொன்னால், ஏமாற்றமாக இருந்தது. கடன் தீரும் என்றோ வேலை வரும் என்றோ அதில் ஒரு வார்த்தை இல்லையே என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வண்டியில் பின்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 2, வெள்ளிக்கிழமை. மிச்சம் இருந்த நாலு மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு வைத்தோம், இரண்டு ஓவர்லாக், ஒரு பேட்லாக், ஒரு சிங்கர். உள்நாட்டுச் சரக்குதான், குழந்தைகள் ஜட்டி. பழைய ஆட்களில் மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் இந்துக்கள். ஆயர் வந்து ஜெபம் பண்ணினார். ஓவர்லாக் அக்கா தன் மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார், ஜெபம் முடிந்ததும் அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லாரும் உட்கார்ந்து பெடலில் கால் வைத்தோம். கரண்ட் போய்விட்டது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆரம்பமே இப்படியா என்று. அந்த அக்கா, "மத்தியானம் வந்துருமுங்க, அதுவரைக்கும் பிசிறு வெட்டலாங்க" என்று கத்திரியை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். வெட்டிக்கொண்டிருக்கும்போது அவர் அட்டையை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்து, "பெலன்னா என்னங்க?" என்று கேட்டார். பலம்தான், பைபிள் தமிழில் அப்படி இருக்கும் என்றேன். "அந்தந்த நாளுக்கு வேண்டிய பலம்னு போட்டிருக்குது, நல்லாத்தானுங்களே இருக்குது" என்றார். எனக்கு அம்மா சின்ன வயதில் சொல்லிக் கொடுத்த மன்னா ஞாபகம் வந்தது, பைபிளில் இஸ்ரவேல் ஜனங்களுக்கு ஆண்டவர் வானத்திலிருந்து கொடுத்த ஆகாரம். வனாந்தரத்தில் நாற்பது வருடம் ஜனங்களுக்கு அது காலைக்குக் காலைதான் கிடைத்தது, ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு நாளைக்கு. மற்ற நாளில் நாளைக்கு ஆகும் என்று எடுத்து வைத்தவர்களுக்கு அது புழுத்துப் போனது. நான் டிசம்பர் 31 அன்று ஒரு வருடத்து மன்னாவைக் கேட்டிருக்கிறேன்.

தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயரைப் பற்றி எங்கள் ஆயர் ஒருமுறை சொன்னதையும் அன்று நினைத்துக்கொண்டேன். வந்த ஊரில் நாலு மாதம் சிறையில் போட்டார்கள். தமிழ் கற்று, பைபிளின் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1715-இல் அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் என்ற புத்தகம் வரைக்கும் வந்து, 1719-இல் 36 வயதில் இறந்துபோனார், மீதியை வேறொருவர் முடித்தார். ரூத்துக்கு முன்னால்தானே உபாகமம், என் அட்டை வசனமும் அவர் கை பட்டதுதான் (இப்போது நாம் வாசிக்கிற வாசகம் பிற்காலத்தில் திருத்தியது). எடுத்த வேலையை முடிக்கிற ஆயுள் அவருக்குக் கிடைக்கவில்லை, இருந்த நாளுக்கான பெலன் கிடைத்திருக்கிறது.

யூடியூப்பில் சிலர் இந்த வருடம் உங்களுக்கு வீடு, கார், கோடி என்று வாக்குத்தத்தம் சொல்கிறார்கள். கஷ்டத்தில் இருப்பவர்கள் ராத்திரி தூக்கம் வராமல் அதைத்தான் கேட்கிறார்கள், நானும் கேட்டேன். மார்ச் மாதம் அந்தக் கார் வராதபோது அவர்கள் ஆண்டவரையே விட்டுவிடுவார்கள், அல்லது தங்கள் விசுவாசம்தான் சரியில்லை என்று தங்களையே வதைத்துக்கொள்வார்கள். தயவுசெய்து அப்படிப் பிரசங்கிக்காதீர்கள். எங்களை மாதிரி மெஷின் விற்றவர்கள் இந்த ஊரில் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறோம். அவர்கள் வீட்டுக்கு ஒரு தரம் போய், உட்கார்ந்து, பெயர் சொல்லி ஜெபித்துவிட்டு வாருங்கள்.

எனக்கு இப்போது காலையில் வார்த்தை வருகிறது. கடன் அப்படியே இருக்கிறது. அட்டையை ஓவர்லாக் மெஷினுக்கு மேல் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன், அதற்குள் ஓரத்தில் எண்ணெய்க் கறை.

நேற்று சனிக்கிழமை. மூன்று பேருக்கும் வாரச் சம்பளம் கொடுத்துவிட்டோம், எங்கள் இரண்டு பேருக்கும் இந்த வாரம் எடுக்கவில்லை. நாளைக்கு 50 டஜன் போக வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
திருப்பூர்.