பத்திரிகைகளின் படப்பிரிவு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

பசுமை மின்சாரம் பற்றிக் கட்டுரை வந்தால் என்ன படம் இருக்கும் என்பதைப் பக்கத்தைத் திருப்பாமலே சொல்லிவிடலாம். ஆரல்வாய்மொழிக் காற்றாலை, பின்னால் மலை, அந்தி வானம், முன்னால் ஆட்டு மந்தை. நானும் அந்தப் படத்தை எடுத்து உங்களுக்கு விற்றவன்தான். ஆடுகள் வந்து சேர இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறேன். ஆகவே இந்தப் புகாரில் நானும் பாதிக் குற்றவாளி.

அந்தப் படத்தில் கம்பி இருக்காது. குறுக்கே வந்தாலும் ஓரத்தை வெட்டிவிடுவோம். காத்தாடி சுற்றுகிறது, சரி. மின்சாரம் எந்த வழியாக ஊருக்குப் போகிறது?

வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை காற்று அள்ளிக் கொடுக்கும், பிறகு கை விரித்துவிடும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குவதில் பெரும்பங்கு மின்தடங்களுக்கும் துணை மின்நிலையங்களுக்கும் உண்டு. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டத் (டி.சி.) தடம் ஒன்று வருகிறது. நீளம் சுமார் 1,765 கிலோமீட்டர், திறன் 6,000 மெகாவாட். அங்கிருந்து நிலக்கரி மின்சாரம் இங்கே வரும். இங்கே காற்று மிஞ்சினால் அதே கம்பியில் வடக்கே அனுப்பவும் முடியும். கரியும் காற்றும் ஒரே பாதையில்! இதைவிடச் சுவையான படப் பொருள் வேறு என்ன வேண்டும்?

2018 டிசம்பரில் கொங்கு விவசாயிகள் உயர்மின் கோபுரங்களை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தபோது கேமராக்கள் வந்தன. பந்தலையும் பதாகைகளையும் எடுத்துக்கொண்டு திரும்பின. கோபுரம் எழுந்த பிறகுதான் படமே இருக்கிறது என்பேன். தென்னந்தோப்பின் நடுவே வகிடு எடுத்தாற்போல ஒரு வெற்றுப் பட்டை. அங்கே இனி தென்னை வைக்க முடியாது. நிலத்தை யாரும் கையகப்படுத்தவில்லை, பட்டா விவசாயியின் பெயரில்தான் இருக்கிறது. கம்பி இழுக்கும் அதிகாரம் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்திலிருந்து வருகிறது. கம்பிக்குக் கீழுள்ள பட்டைக்கு நில மதிப்பில் அதிகபட்சம் 15 விழுக்காடு இழப்பீடு என்றது 2015இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல். 2024இல்தான் அதை 30 ஆக்கினார்கள். கோபுரத்தின் நான்கு கால்களுக்கு நடுவே எருமையைக் கட்டியிருப்பார்கள். நிழலுக்கு அல்ல, அந்த இடம் வேறு எதற்கும் உதவாது என்பதால்.

இவற்றை எடுப்பது எளிதல்ல. போன வருடம் ஒரு துணை மின்நிலைய வேலிக்கு வெளியே நின்று கேமராவைத் தூக்கியதும் காவலாளி ஓடி வந்தார். "இங்கே எடுக்கக் கூடாது சார். கொஞ்சம் தள்ளிப் போனால் காத்தாடி இருக்கிறது, அதை எடுங்கள், நன்றாக இருக்கும்" என்றார். உங்கள் நாற்காலியில் அவரை உட்கார வைத்தாலும் வேலை நடக்கும் போலிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையமும் இப்படித்தான். வானத்திலிருந்து எடுத்த நீலக் கடலாகவே அச்சாகிறது. சுமார் 2,500 ஏக்கர் வேலியைத் தரையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிகிறது?

கேட்பது ஒன்றுதான். ஒரு மின்தடத்தை ஒருவரிடம் ஒப்படையுங்கள். காற்றுக் காலம் முழுவதும் அவர் கோபுரம் கோபுரமாக நடக்கட்டும். நிலையங்களுக்குள் நுழைய அனுமதிக் கடிதத்தை உங்கள் முகவரித்தாளில் கொடுங்கள். தனி ஆளாகக் கேட்டால் எங்களுக்குக் கிடைப்பதில்லை. அவர் நானாக இருக்க வேண்டும் என்பதில்லை. தாராபுரம், பல்லடம் பக்கம் நல்ல இளம் ஒளிப்படக்காரர்கள் இருக்கிறார்கள், கல்யாண வீடுகளில்.

அதுவரை பக்கம் காலியாக இருக்குமே என்று கவலை வேண்டாம். ஆட்டு மந்தைப் படம் என்னிடம் இன்னும் நாற்பது இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வெளியூர் ஒளிப்படக்காரன்