காகிதம் கேட்காத கருணை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் நடத்தும் ஓர் அம்மையாரைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவருடைய உழைப்பைப் பற்றி எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால், 'வாசலில் கிடந்த பச்சிளங்குழந்தையை எந்தக் காகிதமும் கேட்காமல் வாரியெடுத்து, இன்றுவரை தன் பிள்ளையாகவே வளர்க்கிறார்' என்று உங்கள் நிருபர் நெகிழ்ந்து எழுதிய வரியைத் தாண்ட முடியவில்லை. உங்களுக்குத் தெரியாததல்ல, அந்த வரியில் இருப்பது சட்டப்படி ஒரு குற்றம்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, கைவிடப்பட்ட குழந்தையைக் கண்டெடுப்பவர் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவிடமோ, காவல் துறையிடமோ, 1098 உதவி எண்ணிலோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ தகவல் தர வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும். தண்டனையைவிட எனக்குக் கவலை அந்தக் குழந்தை எதையெல்லாம் இழக்கிறது என்பதுதான்.

தகவல் போனால் என்ன நடக்கும்? மருத்துவப் பரிசோதனை, காவல் நிலையப் பதிவு, பிறகு நலக் குழுவின் உத்தரவோடு அங்கீகாரம் பெற்ற தத்து மையம். பெற்றவர்களைத் தேடி நாளிதழில் படத்தோடு அறிவிப்பு வரும். உங்கள் உள்பக்கத்திலும் அந்தச் சின்னக் கட்டங்கள் வருகின்றனவே! இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் இரண்டு மாதம், அதற்கு மேற்பட்டது என்றால் நான்கு மாதம். அதற்குள் விசாரணையில் உரிமை கோரி யாரும் வரவில்லை என்றால்தான் தத்துக்கொடுக்கத் தடையில்லை என்று குழு அறிவிக்கும். பெற்ற தாயே நேரில் வந்து ஒப்படைத்தாலும், மனம் மாறித் திரும்பக் கேட்க அவளுக்கு இரண்டு மாதம் உண்டு. தத்து உத்தரவை 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார்.

காகிதம் இல்லாமல் எடுத்து வளர்க்கும் குழந்தைக்கு இந்தக் கதவு எதுவும் திறக்காது. ஒரு வாரத்தில் மனம் மாறித் தேடி வரும் தாய்க்கு யாரிடம் கேட்பதென்று தெரியாது. ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் தத்துப் பெற்றோரின் பட்டியல் அந்தக் குழந்தையை எட்டாது. பள்ளியில் சேர்க்க நிறுவனரின் பெயரையே பெற்றோர் பெயராக எழுதிவிடுகிறார்கள். ஆதாரிலும் அதுவே ஏறுகிறது. பின்னாளில் பிறப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் கேட்கும்போதுதான் முடிச்சு இறுகும். அம்மையார் கண்மூடினால் அந்தப் பிள்ளைக்குச் சட்டத்தில் ஓர் உறவும் இல்லை, சொத்துக்கு வரும் உறவினர்கள் 'நீ யார்' என்று மறுநாளே கேட்டுவிடுவார்கள். இல்லங்களின் பதிவேடுகளோடு வேலை செய்த எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

முத்துலட்சுமி ரெட்டி 1930இல், எந்த விடுதியும் சேர்க்க மறுத்த பெண்பிள்ளைகளைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஔவை இல்லத்தைத் தொடங்கவில்லையா என்று கேட்கலாம். தொடங்கினார், ஏனென்றால் அன்று வேறு வாசல் இல்லை. இன்று மாவட்டந்தோறும் நலக் குழு இருக்கிறது. பதிவில்லாமல் இல்லம் நடத்துவதே சிறைக்குரிய குற்றம். 2021இல் மதுரையில், கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் காட்டிக் குழந்தையை விற்றதாக எழுந்த வழக்கை உங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நல்லவரின் இல்லத்துக்கும் அப்படிப்பட்ட இடத்துக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. காகிதம்தான் காட்டிக்கொடுக்கும்.

கட்டுரையோடு வந்த படத்தில் பதினைந்து குழந்தைகளின் முகம் தெளிவாகத் தெரிகிறது, இருவருக்குப் பெயரும் போட்டிருக்கிறீர்கள். அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் அலுவலகத்தில் சட்டம் படித்தவர்கள் இருக்கிறார்கள். நாளை வகுப்பில் அந்தப் பிள்ளையை 'பேப்பர்ல வந்தவன்' என்று சுட்டிக்காட்டுவார்கள் என்பதை உணரச் சட்டம் படித்திருக்கவும் வேண்டாம்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் இதே படம்தான். பிறந்தநாள் கொண்டாட வந்தவர் கேக் வெட்ட, பசியோடு இருக்கும் பிள்ளைகள் பாட்டுப் பாடி முடித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் மூன்று வீட்டுப் பிரியாணி வந்து இறங்கும். மிச்சத்தை இரவுக்கு வைத்தால் திங்கள் காலை வயிற்றுப்போக்கு, பள்ளிக்கு விடுப்பு. ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமைக்கு யாரும் வருவதில்லை. இல்லத்துக்கு உண்மையில் தட்டுப்பாடாக இருப்பது விடுதித் தாயின் சம்பளம், சமையலரின் சம்பளம், மின்கட்டணம், மூக்குக்கண்ணாடி, அளவு பார்த்து வாங்கிய செருப்பு, மாதந்தோறும் நாப்கின், பேன் மருந்து. இவற்றுக்குப் பணம் கொடுத்தால் படம் எடுக்க ஒன்றுமில்லை என்பதால் யாரும் கொடுப்பதில்லை, நீங்களும் எழுதுவதில்லை.

இன்னொன்று. 'பெற்றோரை இழந்த பிள்ளைகள்' என்று மொத்தமாக எழுதிவிட்டீர்கள். பெரும்பாலான இல்லங்களில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார். கையில் காசில்லாமல்தான் விட்டுச்செல்கிறார்கள். அந்தத் தாய்க்கு மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் ரூ.4,000 நிதி ஆதரவு உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் ரூ.72,000, மற்ற இடங்களில் ரூ.96,000 வரை இருந்தால் விண்ணப்பிக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுத்து, அது ஏற்கப்பட்டால் பிள்ளை வீட்டிலேயே வளரும். இதைச் சொல்லிக்கொடுத்து, சேர்க்க வந்த பிள்ளையைத் தாயோடு திருப்பி அனுப்பும் நிறுவனர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இல்லத்தில் தலை எண்ணிக்கை குறையும், நன்கொடையும் குறையும். அவர்களைப் பற்றி ஒரு பத்தியாவது நீங்கள் எழுதிப் பார்த்ததில்லை என்ற மனக்குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

நான் கேட்பது பெரிதல்ல. இணையப் பதிப்பிலுள்ள அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள், இரண்டு பெயர்களையும் நீக்குங்கள். அடுத்த ஞாயிறு இணைப்பில், வாசலில் குழந்தையைக் கண்டால் 1098க்கு அழைக்க வேண்டும் என்று நான்கு வரியில் ஒரு கட்டம் போடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் இல்ல முன்னாள் கண்காணிப்பாளர்,
திண்டுக்கல்.