குப்பையைப் பொறுக்குங்கள், கொடியை விட்டுவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருநெல்வேலி மாவட்டத்தில் உவரி, கூடுதாழை பக்கம் கடற்கரையைச் சுத்தம் செய்ய இப்போது நிறையப் பேர் வருகிறார்கள், அதிலும் செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை கடற்கரைத் தூய்மை நாள் என்பதால் கூட்டம் இன்னும் அதிகம். வரட்டும், நல்ல காரியம்தான். ஆனால் எதை எடுக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது முதலில் சொல்ல வேண்டாமா?

போன தடவை வந்த ஒரு குழு, மணல்மேட்டில் படர்ந்து கிடந்த அடம்புக்கொடியைக் களை என்று நினைத்து வேரோடு பிடுங்கிக் குவித்துவிட்டது. ஆட்டுக்குளம்பு மாதிரி பிளந்த இலை, ஊதாப் பூ, பார்த்தாலே தெரியும். கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான், அது போனால் ஆடிக்காற்றுக்கு மேடே கிளம்பிவிடும். இத்தனைக்கும் பக்கத்திலேயே பாதி புதைந்து கிடந்த நைலான் வலையை யாரும் எடுக்கவில்லை. அதை வெறுங்கையால் இழுத்தாலும் வராது, அறுந்து மீதி உள்ளேயே தங்கிவிடும். சுற்றிலும் தோண்டி, கத்தியால் துண்டு துண்டாக அறுத்துத்தான் எடுக்க வேண்டும். உள்ளே தூண்டில் முள் இருந்தால் மெல்லிசுக் கையுறை எதற்கும் ஆகாது. ஊர் மீனவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டால் எல்லாம் சொல்லித் தருவார், கேட்கத்தான் ஆளில்லை.

அப்புறம் தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை என்னும் கடலாமை கரையேறி முட்டையிடும் காலம். குழி ஒன்றில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும், பொரிக்க ஒன்றரை மாதத்துக்கு மேலாகும். அந்த மாதங்களில் டிராக்டர் விட்டு மணலைச் சமன்செய்யாதீர்கள், கையால் பொறுக்கினால் போதும்.

கடைசியாக அந்தக் குப்பை மூட்டைகள். ஃபிளெக்ஸ் பேனரைப் பிடித்து (அதுவும் பிளாஸ்டிக்தானே!) போட்டோ எடுத்துவிட்டு எல்லோரும் பஸ் ஏறிவிட்டார்கள், பனைமரத்தடியில் விட்டுப்போன மூட்டைகளை நாய்கள் கிழித்து, காற்று அடித்து, பாதி மறுபடியும் அலைவாய்க்கே போய்ச் சேர்ந்தது. வரும் தேதியை முன்னாலேயே ஊராட்சியில் சொல்லி, குப்பை வண்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டு வாருங்கள். வண்டி இல்லை என்றால் தேதியைத் தள்ளிப்போடுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திசையன்விளை