நார்வேக்கு முன்னால் நம் வாசல்: புவியியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிப் புவியியல் பாடநூல்களை எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

பகல் நீள்வதும் குறைவதும் பற்றிய பாடம் என்றாலே நார்வேயின் நள்ளிரவுச் சூரியனுக்குப் போய்விடுகிறோம். பிள்ளைகளும் வாய் பிளந்து கேட்பார்கள், சரி. நம் ஊரில் நடப்பது மட்டும் விட்டுப்போகிறது.

சென்னையில் ஆண்டின் குறுகிய பகல் டிசம்பர் 21 வாக்கில் வருகிறது, சுமார் 11 மணி 21 நிமிடம். அன்றுதான் சூரியன் சீக்கிரம் மறையும், தாமதமாக உதிக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. சீக்கிரம் மறைவது நவம்பர் கடைசியில், 5.39 போல. டிசம்பர் 21 அன்று அது 5.47 ஆகிவிடுகிறது. விடியலோ மார்கழி முடிந்து பொங்கல் போன பிறகும் தள்ளிக்கொண்டே போய், ஜனவரி கடைசியில்தான் 6.35ஐத் தொடுகிறது. பகல் வளரத் தொடங்கிய பிறகும் காலை இருட்டு கூடுகிறது!

காரணம், சூரியன் உச்சிக்கு வரும் நேரமே நகர்வதுதான். நவம்பர் கடைசியில் 11.56க்கு உச்சிக்கு வருவது, ஜனவரி கடைசியில் 12.21 ஆகிறது. பூமியின் அச்சுச் சாய்வும், ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு அருகே அது வேகமாகச் சுற்றுவதும் சேர்ந்து செய்யும் வேலை இது. லண்டனிலும் இந்த நகர்வு உண்டு. ஆனால் அங்கே பகலின் நீளம் தடாலடியாக மாறுவதால் அதுவே மேலோங்கிவிடுகிறது. சீக்கிர அஸ்தமனம் டிசம்பர் 12 வாக்கில் வரும். கன்னியாகுமரியில் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசமில்லை. டெல்லியில் மூன்றரை மணிக்கும் மேல்.

அந்தி வெளிச்சத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். சென்னையில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால், மறைந்து இருபது நிமிடச் சொச்சத்தில் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. லண்டனில் ஜூன் மாதம் அது சாய்வாக நழுவுவதால் முக்கால் மணி நேரம் வெளிச்சம் நிற்கும். நடுராத்திரியிலும் வானம் முழுசாகக் கறுக்காது.

அப்புறம், மார்ச் 21 அன்று பகலும் இரவும் சரிசமம் என்ற வரி. காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதாலும், சூரியனின் மேல் விளிம்பு தெரிந்ததுமே உதயம் என்று கணக்கிடுவதாலும், அன்று சென்னையில் பகல் பன்னிரண்டு மணி நேரத்தைவிட ஏழு நிமிடம் அதிகம். ‘ஏறக்குறைய’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.

பயிற்சிக்குக் கருவி எதுவும் வேண்டாம். தினசரி காலண்டர் தாளில் சூரிய உதயம் அச்சாகியிருக்கும். அஸ்தமனம் செய்தித்தாளில் கிடைக்கும். கார்த்திகை முதல் தை வரை வாரம் ஒருமுறை இரண்டையும் குறித்து வரைபடம் போடச் சொல்லுங்கள். நார்வே அடுத்த பக்கத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வானம் பார்க்கும் ஒரு வாசகர்