மருமகன் பெயரில் தேடிப் பார்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கம்பு ஊன்றாமல் வாசல் வரை வந்து போகிறாய் என்று படித்த பிறகுதான் மனசு நிலைக்கு வந்தது. மாடிப்படி மட்டும் இப்போதைக்கு வேண்டாம். பேத்திக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்த சேதியைச் சொன்னதும் என் வீட்டுக்காரி எழுந்துபோய் சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்தாள். நாங்கள் இங்கே சுகம். பையன் வீடு ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்குத் தெற்கே கிளேட்டன் கவுண்டியில் இருக்கிறது. கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "முப்பது வருஷம் பத்திரம் எழுதினது போதாதா? அமெரிக்கா போயும் யார் வீட்டு உயிலையோ புரட்டிக்கிட்டு இருக்கியாமே, எதுக்கு?" அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளும்.

பக்கத்து வீட்டில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். எழுபத்தெட்டு வயது, கறுப்பினத்தவர். நான் பத்திர எழுத்தராக இருந்தவன் என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். ஒருநாள் ஒரு கத்தைக் காகிதத்தோடு வந்து, பழைய கையெழுத்து, சில வார்த்தை பிடிபடவில்லை, பார்த்துச் சொல்லுங்கள் என்றார். இங்கே வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் வருவதற்குச் சில வருஷம் முன்னால் ஒரு தோட்ட முதலாளி எழுதிவைத்த உயிலின் நகல் அது.

நடை நமக்குப் பழகின நடை. இன்ன மகளுக்கு இன்னது, அதை அவளும் அவள் வாரிசுகளும் என்றென்றைக்கும் அனுபவித்துக்கொள்ள வேண்டியது. 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திரமாய்' என்று நாம் எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்போம்! சொத்து விவரத்தில் நிலம், குதிரை, மெத்தை, நூல் நூற்கும் ராட்டினம். அதே வரிசையில் ஒரு பெண்ணின் பெயர். பெயருக்குப் பின்னால், 'அவளும் அவளுக்கு இனி உண்டாகும் பெருக்கமும்' என்று எழுதியிருந்தது. பெருக்கம் என்றால் அவள் வயிற்றில் பிறக்கப்போகிற பிள்ளைகள். வர்ஜீனியாவில் 1662-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்: தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை, தகப்பன் யாராக இருந்தாலும் சரி. மற்ற தென் பகுதிகளும் அந்த வழிக்கே வந்தன. வாங்குகிறவன் பரம்பரைக்கு எழுதித்தான் நமக்குப் பழக்கம். இங்கே கைமாறுகிறவளின் பரம்பரையையும் சேர்த்து எழுதியிருந்தது. அந்த ஒரு வரியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, சண்முகம்.

அடிமைகளாக இருந்தவர்களின் வழியில் வந்த இந்த ஜனங்கள் தங்கள் முன்னோரைத் தேடிப் போனால் 1870-ல் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதைச் சுவர் என்றே சொல்கிறார்கள். அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865-ல். அதற்கப்புறம் வந்த முதல் மக்கள்தொகைக் கணக்கு 1870. விடுதலையானவர்கள் ஏறக்குறைய எல்லோரையும் பெயர் சொல்லி எழுதிய முதல் கணக்கு அதுதான். அதற்கு முந்தைய 1850, 1860 கணக்குகளில் அடிமைகளுக்கென்று தனி ஷெட்யூல் உண்டு. ஆமாம், நாம் 'ஷெட்யூல் சொத்து' என்று எழுதுகிற அதே வார்த்தை. இடது பக்கம் முதலாளி பெயர். அதன் கீழே வரிசையாக வயது, ஆணா பெண்ணா, நிறம் கறுப்பா கலப்பா, ஓடிப்போனவரா, விடுதலை பெற்றவரா. பெயர் எழுதக் கட்டமே கிடையாது. 1860-ல் இந்தத் தாள்களில் ஏறியவர்கள் கிட்டத்தட்ட 40 லட்சம் பேர்.

பெயர் வேண்டுமென்றால் முதலாளி வீட்டுக் காகிதத்துக்குத்தான் போக வேண்டும். உயில், அவன் செத்த பிறகு போடும் சொத்து மதிப்பீடு, பாகப்பிரிவினை, கிரயச் சீட்டு, கடனுக்கு ஈடு எழுதிய அடமானம். அரசாங்கக் கணக்குக்கு எண்ணிக்கை போதும். பங்கு பிரிக்கிறவனுக்கு எந்தப் பிள்ளைக்கு எந்த ஆள் என்று தெரிய வேண்டுமே, அதனால் அவன் பெயரை எழுதினான். அவர்களைப் பிரிப்பதற்காக எழுதிய தாளில்தான் இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் அவர்களைக் கண்டுபிடிக்கிறார்கள்.

டீச்சரம்மாவிடம் 1870 கணக்கின் நகல் இருந்தது. அவருடைய கொள்ளுப்பாட்டியின் அம்மா அதில் பெயரோடு, 22 வயது என்று இருக்கிறார். உயிலிலும் அதே பெயரில் ஒரு சின்னப் பெண். ஆனால் உயில் எழுதியவனின் குடும்பப் பெயரை வைத்து 1860 ஷெட்யூலைத் தேடினால் அந்த வயதில் யாருமே இல்லை. ஒரே பெயரில் பெரியப்பா ஒருவர், தம்பி மகன் ஒருவர் என்று குழம்பி இரண்டு மாதம் தப்பான ஆளின் பின்னால் போய்விட்டோம்.

ஒருநாள் காலையில் காபி குடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பெண் பிள்ளைக்கு எழுதிய சொத்து யார் பெயரில் இருக்கும்? அந்தக் காலத்து இங்கிலீஷ் சட்டப்படி, உயிலில் தனியாகக் கட்டு வைக்காவிட்டால், மனைவிக்கு வரும் அசையும் சொத்து புருஷன் கைக்குப் போய்விடும். அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "மருமகன் பேர்ல தேடிப் பாருங்கம்மா" என்றேன். கல்யாணப் பதிவேட்டில் மாப்பிள்ளை பெயர் கிடைத்தது. 1860 ஷெட்யூலில் அந்த மாப்பிள்ளை பெயருக்குக் கீழே ஒரு வரி: 12, பெண், கறுப்பு. அவ்வளவுதான். இவள்தான் என்று அதை மட்டும் வைத்துச் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் உயிலில் இருந்த வயது இதோடு பொருந்துகிறது. 1870-ல் கணக்கெடுத்தவர் வீடு வீடாக நடந்து எழுதின வரிசையில் பார்த்தால், அந்த மாப்பிள்ளையின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் 22 வயதுப் பெண்ணின் வீடு.

இன்னொரு சிக்கலும் இருந்தது, உனக்கு அது நன்றாகப் புரியும். கிளேட்டன் கவுண்டியே 1858-ல்தான் உண்டானது, ஹென்றி, ஃபேயட் என்ற இரண்டு கவுண்டிகளிலிருந்து பிரித்தார்கள். அதற்கு முந்தைய பத்திரமெல்லாம் தாய்க் கவுண்டியில் இருக்கும். நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்த பிறகும் பழைய ரிக்கார்டுக்குத் தஞ்சாவூர் ஓடிக்கொண்டிருந்தோமே, அதே கதை.

மருமகன் வழியில் பெயர் நகர்வதற்கு ஊரறிந்த ஒரு சாட்சி இங்கே பக்கத்திலேயே உண்டு. தென் கரோலினாவில் டேவிட் பாட்டர்சன் என்ற முதியவர் 1850-ல் ஓர் உயில் எழுதினார். மேஜைத் துணி, அரிவாள், மாடு, இவற்றோடு ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, பெயர் மெல்வினியா. பின்னால் மதிப்பீட்டில் அவளுக்கு வைத்த விலை 475 டாலர். பாட்டர்சன் போனதும், 1852-ல், மகளும் மருமகன் ஹென்றி ஷீல்ட்ஸும் இருந்த ஜார்ஜியாவுக்கு அவளைக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தப் பண்ணை இருந்தது இதே கிளேட்டன் கவுண்டியில். 1859 வாக்கில் அவளுக்கு டால்ஃபஸ் என்று ஒரு மகன். 1870 கணக்கில் அவளுடைய நாலு பிள்ளைகளில் மூன்று பேருக்கு நிறம் 'கலப்பு' என்று எழுதியிருக்கிறது. டால்ஃபஸின் தகப்பன் பெரும்பாலும் பண்ணைக்காரனின் மகனாகத்தான் இருக்க வேண்டும் என்று மரபணுச் சோதனையை வைத்து 2012-ல் தெரியவந்தது. டால்ஃபஸ் தச்சு வேலை கற்று, அலபாமாவில் பர்மிங்ஹாம் போய், சொந்த வீடு வாங்கினார். அவருடைய வழியில் வந்தவர்தான் முன்னாள் ஜனாதிபதி ஒபாமாவின் மனைவி மிஷேல் ஒபாமா.

எனக்கு அதில் மறக்க முடியாதது ஒன்றுண்டு. விடுதலைக்குப் பல வருஷம் கழித்து மெல்வினியா ஜார்ஜியாவின் வடமேற்கே பார்ட்டோ கவுண்டிக்குப் போய்க் குடியேறினாள். அங்கே அவளோடு இருந்தவர்கள், பாட்டர்சன் பண்ணையில் சின்ன வயதில் கூட இருந்த ஈஸ்லி தம்பதியர். எட்டு வயதில் பிரிந்தவர்கள் எப்படி ஒருவரை ஒருவர் தேடிச் சேர்ந்தார்கள்? அந்த ஈஸ்லி வீட்டுப் பெண்ணையே டால்ஃபஸ் கட்டிக்கொண்டார். 1938-ல் மெல்வினியா இறந்தபோது இறப்புச் சான்றில் பெற்றோர் பெயர் கேட்ட கட்டத்தில், 'தெரியாது' என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். ரெக்ஸ் என்ற ஊரில் அவளுக்கு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். போன மாதம் பையன் காரில் கூட்டிப்போனான்.

இனி டீச்சரம்மா கதைக்கு வருகிறேன். ஜார்ஜியா மாநில ஆவணக் காப்பகம் மாரோ என்ற ஊரில் இருக்கிறது, எங்கள் வீட்டிலிருந்து பக்கம். உயிலோடு சேர்ந்த மதிப்பீட்டுப் பட்டியல் மைக்ரோஃபிலிமில் கிடைத்தது. நான் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே வந்தேன். கலப்பை, சங்கிலி, கோவேறு கழுதை, அப்புறம் ஆட்கள். பதினெட்டுப் பேர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு தொகை. வயசான ஒருவருக்கு எதிரே பூஜ்யம். நடுவில் ஒரு பெண் பெயர், அவளோடு சேர்த்து அந்தச் சின்னப் பெண்ணின் பெயர், இரண்டு பேருக்கும் ஒரே விலை. நம்ம சந்தையில் பசுவையும் கன்றையும் சேர்த்து விலை பேசுவார்களே, அப்படி. அம்மாவின் பெயர் கிடைத்துவிட்டது.

நான் பெயரை மட்டும் படித்துவிட்டு நிறுத்தினேன். "எவ்வளவு?" என்றார். மெதுவாகச் சொன்னேன். "சத்தமா படிங்க" என்றார். படித்தேன். அந்தத் தொகையை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை, அது அவர்கள் வீட்டு விஷயம். அவர் அழவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து, பதினெட்டுப் பெயரையும் பட்டியலில் இருந்த அதே வரிசையில் எழுதிக்கொண்டார். உங்கள் வீட்டார் இரண்டு பேர்தானே என்று கேட்டேன். மற்ற பதினாறு பேரைத் தேடிக்கொண்டும் யாராவது இந்த மேஜைக்கு வருவார்கள், வந்தால் கொடுக்கலாம் என்றார். அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை நான் வாய் திறக்கவில்லை.

பாகப்பிரிவினையில் மகள் பங்குக்குச் சிறுமி. அம்மா அலபாமா போன ஒரு மகனின் பங்குக்கு. இப்போது அந்த அம்மாவைத் தேடிக்கொண்டிருக்கிறோம். விடுதலையானவர்களுக்காக 1865-ல் தொடங்கிய சேமிப்பு வங்கியின் பதிவேடுகள் இருக்கின்றன. கணக்கு ஆரம்பிக்கும்போது அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், பழைய முதலாளி என்று பலரிடம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். 1867-ல் ஜார்ஜியாவில் கறுப்பின ஆண்களையும் வாக்காளராகப் பதிந்த ஏடுகளும் இங்கேயே உண்டு, ஆனால் பெண்ணைத் தேடுகிற எங்களுக்கு அவை உதவவில்லை. பத்திரிகை விளம்பரங்கள்தான் நெஞ்சைப் பிசைகின்றன. நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த ஒரு தேவாலயப் பத்திரிகை 1877-லிருந்து, தொலைந்த உறவுகளைத் தேடுகிறவர்களுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருந்தது. சந்தாதாரர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு ஓர் அறிவிப்புக்கு 50 சென்ட். பாதிரியார்கள் அதைச் சபையில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். என் அம்மா பெயர் இது, எங்களை விற்றவன் இன்னான், கடைசியாகப் பார்த்த இடம் இது, நான் உயிரோடு இருக்கிறேன். தினம் ராத்திரி பத்துப் பதினைந்து படிக்கிறோம். அவர் அவர் வீட்டில், நான் இங்கே. ஏதாவது தட்டுப்பட்டால் போன்.

இதை எழுதும்போது உன் தாத்தாவின் அண்ணன் ஞாபகம் வந்தது. தென்னாப்பிரிக்காவில் நெட்டாலுக்குக் கப்பலேறிப் போனவர், திரும்பவே இல்லை என்று உன் அப்பா சொல்வாரே. ஒப்பந்தக் கூலியாய்ப் போனவர்கள் பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அந்தக் கப்பல் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, சாதி, உயரம், உடம்பில் இருந்த அடையாளம் எல்லாம் எழுதியிருக்கிறது. 1860-லிருந்து 1911 வரை போன ஒன்றரை லட்சம் பேருக்கு அப்படி ஒரு வரி உண்டு. தகப்பன் பெயருக்கும் ஊர்ப் பெயருக்கும் ஒரு கட்டம் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் பெயர், உங்கள் கொள்ளுத்தாத்தா பெயர், அப்போது தாலுகா எது என்று உனக்குத் தெரிந்ததை எழுதி அனுப்பு. நெற்றியில் வெட்டுத் தழும்பு இருந்தது என்று உன் அத்தை சொன்னதாக ஞாபகம். அதையும் அவரிடம் கேட்டு எழுது. அத்தைக்கு வயசாகிறது, இந்த வாரமே கேட்டுவிடு.

அன்புடன்,
உன் ராமலிங்கம்