'நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?'

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒருபாலினத் தம்பதிகளின் உரிமை பற்றி உங்கள் கடிதப் பகுதியில் எழுதிய வாசகர் ஒருவர், இதெல்லாம் பெருநகரத்துப் பிள்ளைகளின் விளையாட்டு, நம் ஊர்ப்பக்கம் அப்படி யாரும் இல்லை என்று முடித்திருந்தார். அவிநாசியில் முப்பத்தைந்து வருடம் பத்திரம் எழுதியவன் நான். இருக்கிறார்கள். என் மேசைக்கே வந்தார்கள்.

இரண்டு வருடம் இருக்கும், இரண்டு பெண்கள் வந்தார்கள். இருவரும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஒருவர் ஓவர்லாக் டெய்லர், இன்னொருவர் செக்கிங். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பதினான்கு வருடமாக ஒரே வீடு, ஒரே அடுப்பு. மனை மூத்தவர் பேரில். வீடு எழும்பியது இளையவரின் நகையை அடகு வைத்தும், ஏலச்சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுத்தும். அதனால் பாதியை அவருக்கே எழுதி வைத்துவிட வேண்டும் என்றார் மூத்தவர்.

செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கிற பத்திரம்) என்றால் முதலில் உறவைக் கேட்டாக வேண்டும். "ஏனுங்க அம்மணி, நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்றேன். இளையவர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே, "எழுதற மாதிரி ஒண்ணுமில்லீங்க" என்றார்.

எனக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது, மறைப்பானேன். டீ சொல்லிவிட்டுக் கணக்குப் போட்டேன். பாதி வீட்டின் மதிப்பு ஆறு லட்சம். கணவன் மனைவிக்கு எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், ஆக 12,000 ரூபாய். இவர்கள் சட்டத்துக்கு அந்நியர்கள். 7 சதவீதமும் 2 சதவீதமும் சேர்த்து 54,000. மூத்தவர் துண்டுச்சீட்டை வாங்கி இரண்டு முறை பார்த்தார். சரி, உயில் எழுதுங்கள், முத்திரைத் தீர்வை கிடையாது என்றேன். எழுதிப் பதிந்தும் ஆயிற்று. ஆனால் உயிலை எழுதியவர் போனபிறகு, இத்தனை நாள் எட்டிப் பார்க்காத அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போவதை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

2024-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட இணையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கலாம், நாமினியாகவும் போடலாம் என்று தெளிவுபடுத்தியது. நல்லதுதான். ஆனால் நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்குகிறவர், வாரிசு அல்ல. வாரிசு யார் என்பதைச் சொல்வது கல்யாணம். அதைத்தான் 17 அக்டோபர் 2023 அன்று உச்ச நீதிமன்றம் தர மறுத்து, நாடாளுமன்றத்தின் பக்கம் கையைக் காட்டியது.

'செல்லாது' என்ற சொல் எனக்குப் புதிதல்ல. கோபி பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் மாலை மாற்றிச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். (ஐயரை வைக்காதது பெரிய குற்றமில்லை, எங்கள் பக்கம் கல்யாணச் சீரை அருமைக்காரர் என்கிற ஊர்ப் பெரியவரே செய்துவிடுவார். தாலி இல்லாததுதான் உறுத்தியது.) 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்று சொல்லியிருந்தது. எனக்கு எட்டு வயதில் பாகப்பிரிவினைப் பேச்சு நடந்தபோது, பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து, "அந்தக் கல்யாணமே கோர்ட்டுல செல்லாதாமே, அப்புறம் எந்தப் பையனுக்குப் பங்கு?" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அண்ணா ஆட்சியில் வந்த 1967 சட்டத் திருத்தம் இனி நடக்கிற திருமணங்களோடு, ஏற்கெனவே நடந்து முடிந்தவையும் செல்லும் என்றது. அம்மாவும் அப்பாவும் அப்படியேதான் இருந்தார்கள். பெரியப்பாதான் வாயை மூடினார்.

ஆகவே கல்யாணமாகவே பதிவு செய்துகொடுங்கள் என்பதுதான் என் கட்சி. அது டில்லி வேலை, நாளாகும். தமிழக அரசால் இன்றைக்கே ஆகிற காரியம் ஒன்று உண்டு. இத்தகைய இணையர் தங்கள் குடும்ப உறவை ஒரு பத்திரமாகப் பதிந்துகொள்ள வழி செய்வதை அரசு பரிசீலிக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023 நவம்பரில் சொன்னார். திருமணம் மட்டுமே குடும்பம் அமைய வழி அல்ல என்று அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2025 மே மாதம் சொன்னது. பதிவுத் துறை அதற்கு ஒரு மாதிரிப் படிவம் வெளியிடட்டும், தீர்வையையும் குடும்பத்துக்கு உள்ளதாகவே வைக்கட்டும்.

அந்த இரண்டு பேரின் கைப்பேசி எண் இன்னும் என் டைரியில் இருக்கிறது. படிவம் வந்தால் எழுத்துக்கூலி வாங்காமல் எழுதித் தருவேன்.

— ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர், அவிநாசி